சேதாரம்

சால்னா நேற்று மதியத்திலிருந்து சாப்பிடவில்லை.
பெயர் நான் வைத்ததில்லை.
முதுகில் ஓடும் செம்பழுப்பைப் பார்த்துவிட்டு
புரோட்டாக் கடை ஞாபகத்தில் கவிநிலவன் வைத்தது.
சிவகாசி விடுதிக்கு அவன் கிளம்பியபோது
பெட்டியில் அடங்காமல் மிஞ்சியது.
"ரெண்டு வேளை புல்லு, கொஞ்சம் கொத்தமல்லி, அவ்ளோதாம்மா."

எலி என்றால் எனக்கு ஆகாது.
எலியில்லை, கினிப்பன்றி என்பான்.
பன்றி மட்டும் ஆகுமா?

தல்லாகுளம் கால்நடை மருத்துவமனையில்
எனக்கு முன்னால் வயிறு ஊதிய ஆடு.
பின்னால் ஒரு காளை
வேனைவிட்டு இறங்க மாட்டேன் என்று நின்றது.
காளைக்காரர் என் ஒயர்கூடைக்குள் எட்டிப் பார்த்து
"வாடிவாசலுக்குத் தாங்காது போலயேக்கா" என்றார்.
சிரிக்கத்தான் செய்தேன். கூடைப்பிடி வேர்த்திருந்தது.

டாக்டர் சகாயமேரி ஒளிக்கவில்லை.
"இதையெல்லாம் நான் படிச்சதோட சரி."
சென்னையில் ஒரு தோழிக்குப் போன் போட்டு
சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.
குடல் ஓட்டம் நின்றிருக்கிறது. ஓட்ட வேண்டும்.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் கூழ்
மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியிலும்.
கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வாயுச் சொட்டு.
வைட்டமின் சி.
"புழுக்கையை எண்ணுங்கம்மா. அது வாயால சொல்லாது."

துண்டில் சுற்றி மடியில் வைத்தால்
இடுப்பெலும்பு உள்ளங்கையில் தட்டியது.
கடைவாய் ஓரமாக நுழைக்க வேண்டும்,
நேரே தள்ளினால் புரையேறிவிடும்.
முதல் ராத்திரி அதன் வயிற்றுக்குப் போனதைவிட
என் நைட்டிக்குப் போனது அதிகம்.
ஒரு மணி.
நாலு மணி.
வில்லாபுரத்தில் நாலு மணிக்கு
தண்ணீர் லாரிக்காரர்கள் இவ்வளவு சத்தமாகப் பேசுவார்கள்
என்பதே எனக்குத் தெரியாது.

காலண்டர்த் தாளின் பின்னால் எழுதினேன்:
செவ்வாய், மூன்று.
மிளகு அளவுகூட இல்லை. சீரகம்.

புதன்கிழமை கூடையோடு வேலைக்குப் போனேன்.
தெற்காவணி மூல வீதியில் வெள்ளிக் கடை.
கல்லாவுக்கு அடியில் காற்றுப்படாமல் வைத்துக்கொண்டு
ஆள் வரும் முன்னே
கொலுசு நிறுக்கும் தராசில் ஏற்றினேன்.
அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
போன மாதம் எண்ணூற்றுப் பத்து என்று
கூண்டில் அவன் எழுதி ஒட்டியிருக்கிறான்.
நூற்றுப் பதினெட்டு கிராம்
சேதாரம்.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர்களிடம் கூசாமல் சொல்லிவந்த சொல்.

முதலாளி பார்த்துவிட்டார்.
தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.
மறுநாள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே
"இன்னிக்கு என்னா எடை?"

ராத்திரி ஒன்பதுக்கு அவன் கூப்பிடுவான்.
"சால்னா?"
"தின்னுட்டுத் தூங்குது."
"நீ சாப்ட்டியா?"
"ஆச்சு. நீ?"
"ம்."
இப்படியாக
மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வியாழன், ஐந்து.
வெள்ளி, நான்கு. சிரிஞ்சைப் பற்களால் கடித்தது.
கோபம் வந்தது அதற்கு. எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை ரசத்துக்கு வாங்கிய மல்லிக்கட்டு,
அதற்கென்று வாங்கியதுகூட இல்லை,
பாலித்தீன் பையைப் பிரித்த சரசரப்புக்கு
கூண்டிலிருந்து ஒரு கீச்சல்.
பிரஷர் குக்கர்தான் என்று அடுப்பைப் பார்த்தேன்.
அடுப்பு பற்றவைக்கவே இல்லை.
மறுபடி. வீக், வீக், வீக்,
கடன்காரனைக் கூப்பிடுவதுபோல.

காம்பு முதலில் போனது,
தையல் மிஷினுக்குள் துணி இழுபடுகிற மாதிரி,
இலை கடைசியில்.
தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
அன்று ரசத்தில் மல்லி இல்லை.

ஞாயிறு காலை இருபத்தேழு வரை எண்ணி
துடைப்பத்தை எடுத்தேன்.

ராத்திரி போன்.
"சால்னா?"
"தின்னுட்டு இருக்கு, கேளு" என்று
கூண்டுக்குள் போனை நீட்டினேன்.
"நீ சாப்ட்டியாடா?"
"ம்."
"எத்தனை இட்லி?"
பேச்சில்லை.
அந்தப் பக்கம் எங்கோ ஒரு வாளி நிறைந்துகொண்டிருந்தது.
"எத்தனைன்னு சொல்லு."
காத்திருந்தேன்.
சால்னா அடுத்த காம்பை இழுத்தது.