ஒருவரே என்பதற்கான சான்று

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது
வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குப் பின்சந்தில்
ஒரு மெத்தை கிடந்தது.
தலைமாடு தமிழ்நாட்டில்
கால்மாடு கேரளத்தில்.

எங்கள் சந்தில் கோடு ஏதும் போட்டிருக்கவில்லை.
மேற்கு வரிசைக் கதவுகளில் கியூஆர் ஒட்டியிருக்கும்
கிழக்கு வரிசையில் இருக்காது, அவ்வளவுதான்.
எங்கள் பக்கம் பச்சைக் கோட்டு போட்ட கமலாட்சி
மாதம் ஐம்பது ரூபாய்க்கு வருவாள்.
பால்கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கணும்,
ஈரமாக இருந்தால் முகம் சுளிப்பாள்.
எதிரே பேட்டரி வண்டி.
காசு கிடையாது,
இன்ன நாள் என்றும் கிடையாது.
எதிர்வீடு என் கொழுந்தியாளுடையது.
எங்கள் அழுகல் அவள் வாளியிலும்
அவள் பால்கவர் எங்கள் சாக்கிலும் போவது
இரண்டு சர்க்காருக்கும் தெரியாது.

மெத்தையை முதலில் கமலாட்சிதான் பார்த்தாள்.
"பஞ்சு நாங்க எடுக்கறதில்லீங்க"
என்று போட்டோ மட்டும் எடுத்தாள்.
மதியத்துக்குள்
கிழக்கேயிருந்து மேற்பார்வையாளர் நஞ்சப்பன்
மேற்கேயிருந்து கிளார்க் பிஜுமோன்.
"போட்டது உங்க ஆளுங்க."
"தல அவிடெயல்லே?"
டேப் வந்தது.
ஆறடி மூன்றங்குலம்;
அதில் மூன்றடி ஒன்பது கிழக்கே.
"மழையில நகந்திருக்கும்" என்றார் நஞ்சப்பன்.
அன்றைக்கு மழையே இல்லை.
டேப்பின் ஒரு முனையை
நான்தான் பிடித்திருந்தேன்.

புதன் ராத்திரி பெய்தது.
வியாழன் அதன்மேல்
ஒரு செவலை நாய் படுத்தது, குறுக்காக.

எனக்கு வேறு அலைச்சல் இருந்தது.
அப்பா இறந்தது கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில்.
அந்தச் சான்றிதழில் ஆருச்சாமி.
எங்கள் வீட்டு வரியில் ஆறுசாமி.
ரேஷன் கார்டில் வெறும் ஆர். சாமி.
பிஜுமோன் மூன்றையும் மேசையில் பரப்பினார்.
நல்ல மனுஷன்தான், எனக்கும் சேர்த்து சாயா சொல்லிவிட்டுக் கேட்டார்:
"இதில ஆரு மரிச்சது?"
எல்லாரும்தான் என்றேன்.

வில்லேஜ் ஆபீஸில் வாங்கி வரவேண்டுமாம்
மூவரும் ஒருவரே என்று ஒரு சான்று.
அதற்கு ஒரு சத்தியவாங்மூலம்,
சொந்தக்காரர் அல்லாத ஒரு சாட்சி.
பிறகு பஞ்சாயத்தில் பேர் மாற்ற
குப்பைக் கார்டில் பாக்கி இருக்கக்கூடாது.
நாலு மாதம் பாக்கி இருந்தது.
ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் பாய் விரித்த நாலு மாதம்.
வீடே பூட்டிக் கிடந்தது சார், குப்பை ஏது?
"வீடு உண்டல்லோ" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திங்களன்று கமலாட்சி பாக்கி வாங்க வந்தாள்.
இருநூறைக் கொடுத்தேன்.
போனில் ரசீது ஏறும்வரை வாசலிலேயே நின்றவள்
உள்ளே பார்த்தாள்.
கட்டில் காலியாகக் கிடந்தது.
பலகைகளின் இடுக்கில்
தரை தெரிந்தது.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
செருப்பை மாட்டும்போதுதான் கேட்டாள்
"சாட்சிக்கு ஆள் கெடைச்சுதுங்களா?"

மறுநாள் சந்து காலி.
எப்போது, யார், எந்தப் பக்கம்,
நாய்க்குத் தெரிந்திருக்கும்.
'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று
கிழக்கே ஒரு பதிவேட்டில் இருக்கிறதாம்.
மேற்கேயும் இருக்கிறதாம்,
மலையாளத்தில்.

கையெழுத்து போட அவள் குனிந்தபோது பார்த்தேன்,
பச்சைக் கோட்டின் இரண்டாம் பொத்தானில்
ஒரு துணுக்கு
ஈரப் பஞ்சு.
ஆபீஸர் பேனா மூடியைக் கழற்றாமலே கேட்டார்,
இறந்தவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?
"அவரு படுத்த எடம் வரைக்கும் தெரியுங்க சார்"
என்றாள்.

சீல் விழுந்தது.
கொஞ்சம் சாய்வாக.