இளஞ்சிவப்பு

இரவெல்லாம் மழை.
செம்பனை மட்டையும் சருகும்
ஆற்றில் ஊறி ஊறி
யாரும் கேட்காத தேத்தண்ணியாய்
நிலையத்து வாசலில் வந்து நிற்கிறது.

இங்கேயே குளோரினைத் திறந்தால்
கிருமி சாகும்.
சருகின் சாறும் அதோடு சேர்ந்து
வாயில் நுழையாத பெயரில் ஒன்றைப் பெறும்:
டிரைஹாலோமீத்தேன்.
ஒரு மடக்கில் கொல்லாது.
முப்பது வருஷம்
பொறுமையாய்க் கணக்கு வைத்திருக்கும்.

திறக்காமலே விட்டால்
வெள்ளிக்கிழமைக்குள் வாந்திபேதி.

சந்தனசாமி போனில் கத்துகிறார்:
"தொட்டி இறங்குது.
கதிஜா கடைத் தேத்தண்ணி
நீச்சல்குளமா நாறுதாம்.
ரெண்டுக்கும் நீதான் பதில் சொல்லணும், கோமளவல்லி."

வாசல் குளோரினை மூடினேன்.
படிகாரம் கூட்டினேன்.
சேறு தன் பாரம் தாங்காமல் கீழே உட்கார
இரண்டே கால் மணி நேரம்.
தொட்டியில் மிச்சம் ஒன்றரை அடி.
மணலைத் தாண்டி வந்த தண்ணீருக்குத்தான்
குளோரின், அதுவும்
பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச்
செலவுக்காசு எண்ணிக் கொடுப்பதுபோல்.

குப்பியில் மாத்திரை போட்டுக் குலுக்கினேன்.
வெளிறிய இளஞ்சிவப்பு.
போதும்.
கடைசி லயத்துக் குழாய்வரை தாங்கும்.

பழுப்புப் போத்தலில்
ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி
ஈப்போவுக்கு அனுப்பியாயிற்று.
முடிவு வர மூன்று வாரம்.
அதற்குள் ஊர் இதைக் குடித்து
சோறு வடித்து, பிள்ளை குளிப்பாட்டி
வியர்வையாகவும் விட்டிருக்கும்.

வேலை முடிந்து கதிஜா கடையில்
ஒரு தேத்தண்ணி வாங்கி முகர்ந்தேன்.
தேத்தண்ணி வாசம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காசை மட்டும் வாங்கிக்கொண்டாள்.