கணக்கில் வராத சூடு

ஜனவரி.
ஆய்வகத்து ஜன்னல் கண்ணாடியில்
உட்பக்கமும் ஈரம்.
இரண்டாமாண்டு இயற்பியல், முப்பத்தொரு பேர்,
பதினேழு குல்லா.
நான் விருதுநகர்க்காரி.
ஊட்டிக் குளிரோடு ஒன்பது வருஷமாய்ப் பேச்சுவார்த்தை,
இன்னும் உடன்பாடு இல்லை.

கரும்பலகையில் ஒரு வாளி வரைந்தேன்.
இருபது லிட்டர்.
எட்டு டிகிரியிலிருந்து நாற்பதுக்கு.
"முக்கால் யூனிட், மேடம்."
சொன்னவன் எபினேசர்,
ஹாஸ்டலில் ஹீட்டர் காயிலைத்
தலையணை உறைக்குள் ஒளித்துவைத்திருப்பவன்.
சரி, அந்த முக்கால் யூனிட் எங்கிருந்து?
மலைக்கு ஒரு கோடு இழுத்தேன்.
உச்சியில் ஏரி,
எழுநூறு மீட்டர் கீழே சுழலி.
பெருக்கி, வகுத்து,
வழியில் சிந்துவதற்குக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தால்
ஒரு வாளி சூடாக
இருபத்துமூன்று வாளித் தண்ணீர்
மலையிலிருந்து குதிக்க வேண்டும்.

வகுப்பு அடங்கியது.
இந்த அமைதிக்காகத்தான் வருஷா வருஷம்
அந்த வாளியை வரைகிறேன்.

நஞ்சுண்டன் கலைத்தான்:
"குதிக்கிற தண்ணியெல்லாம் குந்தாவோடது மேடம்.
குளிக்கிறது கோயமுத்தூரு."
"நாமளும்தான் குளிக்கிறோம்," என்றாள் ரிஸ்வானா,
"நீ வாரத்துக்கு ஒரு தடவை."
பின்பெஞ்சில் விசில்.
புகையில்லாத மின்சாரம் என்கிறது பாடநூல்.
ஏப்ரலில் நீர் இறங்கும்போது
அணைச் சேற்றில் எழும் கல்வரிசை
யார் வீட்டு மாட்டுப்பட்டி என்று
நஞ்சுண்டனுக்குத் தெரியும்.
அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
மணி ஒன்றரை.

அடுத்து அட்டவணை.
மின்வாரியக் குறுஞ்செய்தியை எடுங்கள்,
இரண்டு மாதத்துக்கு எத்தனை, வாசியுங்கள்.
இருநூற்றுப் பதினெட்டு.
முந்நூற்றுநாற்பது.
ரிஸ்வானா வீட்டில் நானூற்றுப்பத்து, கீழே பேக்கரி,
ஆனால் வர்க்கி வேகிற அடுப்பு
அந்தக் கணக்கில் சேராதாம்.
கோத்தகிரிப் பக்கத்து லயத்திலிருந்து வரும்
யோகநாயகி கடைசியாக எழுந்தாள்.
"எழுபத்தாறு யூனிட். கட்டணம் பூஜ்யம்."

கைதட்டச் சொன்னேன்.
ஆமாம், நான்தான் சொன்னேன்.
பாருங்கள், இப்படித்தான் வாழ வேண்டும் என்றும்
சொல்லியிருப்பேன் போல.

கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.
"வெந்நீ விறகுல மேடம்.
வாரத்துக்கு ரெண்டு சுமை. சீகை, கற்பூரமரக் கிளை.
ஒரு சுமை நான், ஒரு சுமை அம்மா.
அப்பாவுக்கு ஃபேக்டரியில ட்ரையர் வேலை,
அங்கயும் விறகுதான்.
ஒரு கிலோ தூளுக்கு
ஒன்றரைக் கிலோ கட்டை தள்ளுவாரு.
மீட்டர்ல இதெல்லாம் ஓடாதே?"

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.
காய்ந்த விறகு, கிலோவுக்கு
நாலு யூனிட் சூடு என்று எழுதினேன்.
அதில் பாதிக்கு மேல் கூரைக்குப் போகும் என்று எழுதினேன்.
கூரைக்குப் போவது
வழியில் யார் மூச்சுக்குள் போகிறதென்று
எழுத வந்தபோது சுண்ணக்கட்டி ஒடிந்தது.

"காட்டெருமைக்கு எத்தனை யூனிட் மேடம்?"
விறகு வழியில் நிற்குமாம், அசையாதாம்,
சுமையை இறக்கவும் முடியாமல்
இவர்களும் நிற்க வேண்டுமாம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும் சிரித்தாள், முதலில் சிரித்ததே அவள்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி.
புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
குவார்ட்டர்ஸில் வாளிக்குள் காயிலைத் தொங்கவிட்டேன்.
எண்ணக்கூடாது என்று நினைத்தேன்,
பதினான்கு வரை எண்ணிவிட்டேன்.
குளித்தேன்.
சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டு நோட்டுகள் வந்தன.
யோகநாயகி என் அட்டவணைக்கு வலப்பக்கம்
பென்சிலால் இன்னொரு கட்டம் கிழித்திருந்தாள்.
தலைப்பு இல்லை. அலகு இல்லை.
முப்பத்தொரு பெயருக்கும் நேரே
காலியாக விட்டிருந்தாள்,
கீழே என் பெயரையும் சேர்த்து.

சிவப்புப் பேனா கையில் இருந்தது.
அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன்,
எல்லோருக்கும் தெரியும்.