பசை வாளி

மழையில் விழவில்லை.
மழை விட்ட மூன்றாம் நாள்
சுள்ளென்று வெயில் அடித்த மதியம்
மூன்றேகாலுக்கு
கீழமாரட் வீதியில் அது உட்கார்ந்தது.
உட்கார்ந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்,
நடந்து களைத்த ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

சத்தம் ஒன்றும் பெரிதில்லை என்கிறார் எதிர்க்கடை ஜெய்லானி.
லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற சத்தம்தானாம்.
ஆனால் இறக்கி முடியவேயில்லையாம்.

மாநகராட்சியில் நோட்டீஸ் ஒட்டுகிறவன் நான்.
பதினோரு வருடத்தில்
அந்தக் கட்டடத்துக்கு மட்டும் நான்கு முறை.
முதலாவதைக் கிழித்தார்கள்.
இரண்டாவதன் மேல் காதணி விழா வந்தது,
மாமன்மார் பதினாறு பேர் கைகூப்பியபடி.
மூன்றாவதை ஆடு தின்றதை நானே பார்த்தேன்.
மைதாப் பசை, அதற்கென்ன தெரியும்.
நான்காவது நின்றுவிட்டது.
கட்டடம் போன பிறகும்
நிலைக்கதவை ஒட்டிய ஒருமுழச் செங்கல்
அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது:
‘மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது.’

பங்காளிகள் ஐந்து பேர், வழக்கு இரண்டு கோர்ட்டில்.
வாடகை நாற்பத்திரண்டு ரூபாய்.
விட்டால் போய்விடும் என்று
எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே அத்தனை வருடமும் ஒரே அழுக்கு மஞ்சள்.
உள்ளே ஒரு அறை ரோஸ்,
ஒன்று கிளிப்பச்சை,
ஒன்றில் பாதிவரை நீலம் அடித்து
காசில்லாமலோ என்னவோ விட்டிருக்கிறார்கள்.
தரையில்லாத இரண்டாம் மாடிச் சுவரில்
ஒரு வாஷ்பேசின்.
குழாயை யாரும் மூடவில்லை.
அவ்வளவு உயரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர்
கீழே வருவதற்குள் புழுதியாகிவிடுகிறது.

தெரு முழுக்க வெங்காயம் உருண்டது.
சிலர் பொறுக்கினார்கள், அதையும் சொல்லவேண்டும்.
சிலர் கல்லைப் பொறுக்கினார்கள்.
வெங்காய மண்டியில்
ஒருவன் கண்ணைத் துடைத்தால்
ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

ஒட்டியதற்கு அத்தாட்சி வேண்டுமென்று
இப்போதெல்லாம் போட்டோ எடுக்கச் சொல்கிறார்கள்.
அன்று எனக்குக் கை போதவில்லை.
கீழ்த்தளத்தில் மூட்டை தூக்குகிற சங்குமணி
தானாக வந்து பசை வாளியைப் பிடித்துக்கொண்டான்.
“என்னண்ணே எழுதியிருக்கு?”
“விழப்போகுதாம்.”
“இன்னைக்கா?”
கேட்டுவிட்டுச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
வேறென்ன செய்வது,
இன்னும் ஆறு கட்டடம் பாக்கி இருந்தது.

இரவு ஒன்பதரைக்கு எடுத்தார்கள்.
சிலைமானிலிருந்து வந்த பூமயில்
முகத்தை மூடச் சொல்லிவிட்டாள்.
“கையைக் காட்டுங்க போதும்.”
வலது சுண்டுவிரல் அவனுக்கு மடங்காது.
எப்போதோ லாரிக் கதவில் நசுங்கியது.
பார்த்தாள்.
அந்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு
ஆம்புலன்ஸ் கதவு வரைக்கும் போனாள்.

மறுநாள் விசாரணை.
நோட்டீஸ் கொடுத்தீரா,
எப்போது, யார் சாட்சி.
போனை நீட்டினேன்.
“நல்லவேளைய்யா, எடுத்து வச்சீர்,”
என் தோளைத் தட்டினார் உதவிப் பொறியாளர்.
என் வேலை தப்பியது.
அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கோப்பில் வைக்கப் படத்தை வெட்டினார்கள்,
தேதி தெரியும்படி,
எழுத்து தெளிவாக விழும்படி.
ஓரத்தில் இருந்த தோளும் பாதிச் சிரிப்பும் போய்விட்டன.
வாளியின் கைப்பிடி மட்டும் மிச்சம்.
அதைச் சுற்றி மூன்று விரல்கள்.
நான்காவது
மடங்காமல்
நோட்டீஸைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது.

நாளை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி,
பதினேழு கதவிலக்கங்கள்.
பசை கிண்டி ஆறவைத்திருக்கிறேன்.
வாளியைத் தரையில் வைத்துவிட்டு
ஒட்டப் பழகவேண்டும்.