ரசமட்டம்

சிட்டையில் ரவை என்று எழுதியிருந்தேன்.
கடைக்குள் நின்று போன் எடுத்தான் கமலரூபன்:
"வறுத்ததோ, வறுக்காததோ?"
நான் எழுதியது மற்ற ரவை.
அந்தச் சனிக்கிழமை உப்புமா தின்றுவிட்டுக்
கீழே இறங்கி
மேசைக்கு இடம் அளந்தோம்.

பூர்க்டோர்ஃபில் எங்கள் கட்டடத்தின் அடியில் ஓர் அறை.
கதவு மட்டும் ஒரு சாண் தடிப்புக் கொங்கிறீட்.
ஏதோ ஒரு போருக்காக அரசாங்கம் கட்டச்சொன்னது.
போர் வரவில்லை.
உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும்
வந்து குடியேறின.
மூன்றாம் மாடி ஏஷ்லிமன் அம்மையார் அதைக் கெல்லர் என்பார்.
அவன் பங்கர் என்பான்.
அவனறிந்த பங்கருக்குக் கதவே இல்லை;
பனங்குற்றி, முழங்கால்வரை மழைத்தண்ணீர், ஒருமுறை பாம்பு.
"இதுக்குள்ள லைற் எல்லாம் இருக்கு" என்றான்
சுவிச்சைப் போட்டு, அணைத்து, திரும்பவும் போட்டு.

பலகை, லாங்னவ்வில் யாரோ வீட்டுக் குசினி பூட்டி
அவன் மிச்சம் கொண்டுவந்தது.
தண்ணீர்க் குழாய்க்கு விட்ட ஓட்டையும் அதிலேயே.
ஓட்டை இருக்கட்டும் என்றேன்.
அடியில் ஒரு வாளி வைத்தால்
கழற்றும் எரிந்த கேப்புகள் நேரே போய் விழும்.

கைபிடித்து அழுத்தும் இயந்திரம்.
தாழ்த்தினால் கூடு நெரிந்து பழைய அளவுக்கு வரும்,
உயர்த்தினால் மேசையும் சேர்ந்து எழும்பும்.
கால்களை மாற்றினோம். குறுக்குச்சட்டம் அடித்தோம்.
இன்னும் ஆடியது.
அவன்தான் ரசமட்டத்தை எடுத்துத்
தரையில் வைத்தான்.
குமிழி ஒரு கரைக்கு ஓடியது.
"பிழை மேசையில இல்லை. நிலம் சரிவு.
தண்ணி ஓட எண்டு விட்டிருக்கிறாங்கள்."

ஆப்பு வைத்தோம். போதவில்லை.
சுவரோடு பூட்டலாமென்றால்
இந்தச் சுவரைத் துளைக்கக் கூடாதாம், சட்டம்.
பாரம்தான் வேண்டும்.
எமே ஆற்றங்கரைக் கடையில் வாங்கிய மணலை
ஆறு சாக்கில் நிரப்பினான்.
முக்கால்வாசிக்கு மேல் போடவில்லை.
வாயைக் கட்டி, தட்டிப் பரப்பி,
தையல் உட்பக்கம் பார்க்க,
ஒன்றின் இடுக்கில் மற்றதை அடுக்கினான்.
ஆறு மூட்டைக்கு நாலு நிமிடம் எடுக்கவில்லை.
நான் நன்றி சொன்னேன், வேறொன்றும் கேட்கவில்லை.
மேசை அசையவில்லை.

பகலில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில்
ஒரு கிலோகூட வராத பிள்ளைகளுக்குத்
தூள் நிறுப்பது என் வேலை.
இரவில் இங்கேயும் நிறுவை.
தமிழில் இரண்டுக்கும் மருந்து என்றுதான் பெயர்.
வைத்தவர் எவரோ, அவசரத்தில் வைத்திருப்பார்.
கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு,
அந்தமட்டில் சரிதான்.

அவன் கெண்டைக்காலில் பயறளவு இரும்பு
தொண்ணூற்றைந்திலிருந்து.
விமான நிலையங்களில் அவனுக்கு முன் அதுதான் பேசும்.
நான் இந்த ஊரில் பிறந்தவள்.
எனக்குத் துப்பாக்கி என்றால்
முந்நூறு மீற்றர் தள்ளி ஒரு கறுப்பு வட்டம்,
காதுக்கு மூடி,
பிறகு சங்க மண்டபத்தில் உருளைக்கிழங்குச் சலாது.
அவன் ஒருநாளும் வந்ததில்லை.
வா என்று நானும் கேட்டதில்லை.

வியாழன் இரவு, முதல் ஐம்பது.
கழுவிக் காய்ந்த பித்தளைக் கூடுகள்
தட்டில் வாய் திறந்து நின்றன.
தராசில் கடைசி எண் மட்டும்
நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்
தத்தளித்துக்கொண்டிருந்தது.
படியில் காலடி. பாதியில் நின்றது.
நான் திரும்பவில்லை.
எண் அடங்கியது.
தூளைக் கூட்டுக்குள் சாய்த்து
நிமிர்ந்த பிறகுதான் கேட்டது,
அவன் பிடித்துவைத்திருந்த மூச்சை விடும் சத்தம்.
இவ்வளவு நேரம் ஒருவர் மூச்சடக்கலாம் என்று
எனக்குத் தெரியாது.

"பத்து மணிக்கு முன்னம்
மெஷினை நிப்பாட்ட வேணும்" என்றான்,
கையில் வெறும் கூடை.
"உடுப்பை நான் எடுக்கட்டே?"