இணைப்பு: ஒன்று

அவன் என்ன வார்த்தை சொன்னான், அதைச் சொல்லும்மா
என்கிறார் ரைட்டர்,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி.

கரண்ட் இல்லைன்னான் சார்.

கரண்ட் இல்லைன்னு சொல்றது ஒரு குத்தமா?

ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு சார்.

நிமிர்ந்து பார்க்கிறார்.
இந்த ஒரு வரியைச் சொல்லத்தான்
கப்பலூர் மில்லில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு
கல்லுப்பட்டியில் பஸ் மாறி
பேரையூர் வந்து நிற்கிறேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
தரையில் கிடந்த யாருடைய முடியோ
அந்தக் காற்றில் உருண்டு
வாசலில் நின்ற என் மகனின் செருப்புவரை வந்தது.

அதற்கு முந்தின வாரம் கத்தி மழுங்கல்.
அதற்கும் முந்தி, ஆளு இருக்காங்க அக்கா.
மூன்று நாற்காலியில் இரண்டு காலி.
ஒருமுறை எங்களைப் பார்த்ததும்
ஷட்டரைப் பாதி இறக்கி, லீவு என்றான்.
இறங்காத பாதியில்
இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன.

சாதியைச் சொல்லித் திட்டினானா?
இல்ல சார்.
கையை ஓங்கினானா?
இல்ல. அக்கான்னுதான் கூப்பிட்டான்.
பிறகு என்னத்தம்மா எழுதச் சொல்ற?

திட்டியிருந்தால் திட்டை எழுதலாம்.
அக்கா என்று கூப்பிட்டு
அனுப்பிவைத்ததை எப்படி எழுதுவது,
எனக்கும் தெரியவில்லை.

சாட்சி?

ஒருத்தர் இருந்தார்.
பஞ்சாயத்து மோட்டார் போடுகிறவர்.
பாதி முகத்தில் சோப்பு நுரை.
கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.
நான் கண்ணாடிக்குள் அவரைப் பார்த்தேன்.
நுரைக்குள் போயிருந்தது வாய்.

இத்தனை வருசம் எங்க வெட்டுனீங்க?
கல்லுப்பட்டியில சார்.
இப்பவும் அங்கயே வெட்டலாம்ல?

கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு
சின்னப் பிள்ளைகளை உட்காரவைப்பார்களே,
அந்தப் பலகையில் ஒருநாள்கூட உட்காராமல்
எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான் என் மகன்.
இதைச் சொல்லவில்லை.
வெட்டலாம் சார், என்றேன்.

தனியார் கடைம்மா, அவன் இஷ்டம்
என்றது பக்கத்து மேஜை.

போர்டைப் போய்ப் பாருங்க சார்.
அனைவரும் வருக, சிவப்பு எழுத்து,
கடைசி எழுத்தை ஒட்டி ஒரு கத்தரிக்கோல்.
டவுன்பஸ் ஜன்னலில் இருந்து
அதை எழுத்துக்கூட்டித்தான்
இவன் தமிழ் வாசிக்கப் பழகினான்.

நேற்று ராத்திரி
கடைக்கார மாயழகு எங்கள் தெருமுனைக்கு வந்தான்,
விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றான்.
ஒம் பிள்ளைக்கு வெட்டுனேன்னு வச்சுக்க,
விடிஞ்சா அந்தச் சேர்ல ஒருத்தனும் உக்கார மாட்டான்க்கா.
எனக்கும் அடுப்பு எரியணும்ல.
இருட்டுனப்புறம் வீட்டுக்கு வந்து வெட்டிவிடுறேன்,
காசு வேணாம்.

அவன் சொன்னது பொய்யில்லை. பாவமாகத்தான் இருந்தது.
காசு வேணாம் என்றபோதுதான்
கோபம் வந்தது.
நாலாய் மடித்த எண்பது ரூபாய்
மூன்று வாரமாக என் முந்தானையில் இருக்கிறது.

எழுதினார்.
மின்சாரம் இல்லை எனக் கூறி
முடிதிருத்த மறுத்ததாக மனுதாரர் பஞ்சவர்ணம்
தெரிவிக்கிறார்.
வாசிச்சுக் காட்டுங்க சார்.
காட்டினார்.
ஃபேனைக் காணோமே?
அது வேற வேணுமா?
அதுதான் சார் மனுவே.

கடைசியாக, இணைப்பு ஏதாச்சும்?

வாசல் பெஞ்சில் இருந்தவனைக் கூப்பிட்டேன்.
வந்து நின்றான்,
கண்ணை மறைத்த முடியை ஊதி விலக்கிக்கொண்டு.
வெட்டாமல் வகுப்புக்கு வராதே என்றிருக்கிறார் வாத்தியார்.
காலையில் நானே கத்தரிக்கோலை எடுத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டான்:
வெட்டிட்டா எதம்மா காட்டுவ?

ரசீது கிடைத்தபோது மணி ஐந்தே கால்.
திரும்பும் பஸ்ஸில் அவன்தான் அதை வைத்திருந்தான்,
வாத்தியாரிடம் காட்ட.
எங்கள் ஊர் திருப்பத்தில் இருட்டிவிட்டது.
சலூனில் இரண்டு ட்யூப்லைட்,
போர்டைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு.

கரண்ட் இருக்கும்மா, என்றான்.