மிதவைக் கிண்ணத்தில் ஒரு துளி

தண்டர் பே. வியாழன் இரவு. மைனஸ் முப்பத்தொன்று.
ரெய்னோவின் கராஜில் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
மேசை நடுவில், வயிறு திறந்து,
ஐந்து குதிரைச் சக்தி ஸ்னோ புளோவர்.

மூன்று பேர்.
காகித ஆலை மூடியபின் மீன் பிடித்தும் அலுத்துப்போன ரெய்னோ மாக்கி,
விமான இறக்கைகளில் உறைபனி கழுவும் அமிர்தகுமார்,
பள்ளிக்கூட பஸ் ஓட்டும் நான்.
நகக்கண்ணில் கிரீஸ் உள்ளவன் பொய் சொல்லமாட்டான் என்று
மூவருக்கும் ஒரு மூடநம்பிக்கை.

அலமாரியில் ரெய்னோ செய்த குட்டி எஞ்சின்:
சார்டின் டப்பா, சைக்கிள் கம்பி, பலூன் தோல்.
தேநீர்க் கோப்பையின் மேல் வைத்தால்
ஆறும்வரை சக்கரம் சுற்றும்.
ஒரு பிரயோசனமும் இல்லை.
வந்தவுடன் முதலில் அதைத்தான் பார்ப்போம்.

கதை எப்படியோ சூரியனுக்குப் போய்விடும், வாராவாரம்.
"அணுவை அணுவோடு அமுக்க வேணும், அவ்வளவுதான்."
அமிர்தகுமார் இரண்டு முட்டிகளையும் மோதிக் காட்டுகிறான்.
"பங்காளிகள் மாதிரி, கிட்ட வர விடாதுகள்.
பத்துக் கோடி டிகிரி கொதிக்க வைத்தால்
வழக்கை மறந்து ஒட்டிக்கொள்ளும்."
"எந்தச் சட்டி தாங்கும்?"
"சட்டி இல்லை. காந்தம். தொடாமலே பிடிச்சு வைக்க வேணும்."
காபரேட்டரைக் குறட்டில் இறுக்கியபடி ரெய்னோ சொல்கிறார்:
"என் மகள் என்னை அப்படித்தான் வைத்திருக்கிறாள்,
வான்கூவரில் இருந்துகொண்டு."

வினிபெக்கில் ஒருவன் கண்ணாடிக் குடுவைக்குள்
ஊதா நிறத்தில் ஒரு நட்சத்திரம் கொளுத்தினானாம்.
கட்டிய மின்சாரத்தில் தூசளவும் திரும்பவில்லையாம்.
சீட்டுக் கட்டி ஏமாந்தவன் கதைதான்.
ஆனாலும் ஊதா என்ற சொல்லில்
மூவரும் கொஞ்சம் நின்றோம்.

"முப்பது வருசத்தில் வந்துவிடும்."
"நான் கனடாவுக்கு வந்தபோதும் முப்பது என்றார்கள்."
"என் வீட்டுக் கடன் இருபத்தைந்து. எது முந்தும், பந்தயமா?"

மின்சார பில் உறையின் முதுகில் அமிர்தகுமார் கணக்கிடுகிறான்:
தண்ணீரில், ஆறாயிரத்துச் சொச்சம் ஹைட்ரஜனுக்கு
ஒன்று மட்டும் கனத்துப் பிறந்தது.
ஒரு லிட்டர் ஏரிக்குள்
முந்நூறு லிட்டர் பெற்றோல் ஒளிந்திருக்கிறது.
பேனை நிற்கிறது.
கதவின் கண்ணாடியில், இடுப்பளவுக்குப் பனி.

"அப்படியென்றால்," என்கிறான்,
"எரிபொருளை ஓரமாய் வீசத்தான்
நாங்கள் பெற்றோல் எரிக்கிறோம்."

ஹீட்டர் இருமியது.

பிறகு கயிறு. இழு. இழு.
பதினேழாம் தரம் என் தோள் கழன்றது.
பிளக்கில் பொறி இருக்கிறது, நீலமாய், நேர்மையாய்.
காற்று இருக்கிறது. பெற்றோல் நேற்று வாங்கியது.
ரெய்னோ மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி
வெளிச்சத்தில் சாய்த்தார்.

அடியில், பெற்றோலோடு சேராமல்,
பாதரசம் போல் உருண்டுகொண்டு
ஒரு துளி தண்ணீர்.

அமிர்தகுமார் வாயைத் திறந்தான்.
"தெரியும்," என்றார் ரெய்னோ. "ஒன்றும் சொல்லாதே."
துணி எடுத்தார். துடைக்கவில்லை.
கிண்ணம் கையில் இருக்க, மூன்று தலைகள் குனிந்து,
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
கோப்பை ஆறி, சார்டின் டப்பா பாதிச் சுற்றில் நின்றிருந்தது.

துடைத்தார்.
இரண்டாம் இழுவையில் பிடித்தது.
புகையில் கண் எரிய, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்
தெருவிளக்கின் கீழே வெள்ளையாய் வீசினோம், வீசினோம்,
பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் திறந்து
மணி என்ன என்று கேட்கும்வரை.

காலையில் பஸ்ஸின் வயிற்றிலிருந்து
இரவு முழுக்கச் செருகியிருந்த மின்கம்பியைப் பிடுங்கினேன்.
செருமி, செருமி, எழுந்தது.
எட்டு மணிக்கு ஏரிக்கு மேலே
மற்றதும் எழுந்தது, கயிறும் இல்லை, சத்தமும் இல்லை.
பின் இருக்கையில் எவனோ கத்துகிறான்,
கண் கூசுகிறதாம்.
ஓம், எனக்கும்தான்.
தலைக்கு மேலிருந்த மறைப்பை
இழுத்து இறக்கினேன்.